ஏழாம் எண் பாட்டில்

எங்கள் கல்லூரியில் துணைப்பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: கொசுறு. நான் வரலாற்று மாணவி. சுற்றுச்சூழலும் இயற்கை வளமும் என் துணைப்பாடம். அந்தப் பட்டத்தைச் சூட்டியவரே எங்களுக்குத் துணைப்பாடம் நடத்திய பேராசிரியர்தான். சிரித்துக்கொண்டே சூட்டினார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

துணைப்பாடத்தில் தேற ஒரு கள ஆய்வு முடிக்க வேண்டும். ஆறு மாதம், சனிக்கிழமை தவறாமல், அக்காவின் ஸ்கூட்டரில் ஏரிக்குப் போனேன். வாரத்தில் அவளுக்கு அது ஒன்றுதான் விடுமுறை. பத்து இடங்களில் நான் இறங்கித் தண்ணீர் எடுப்பேன். அவள் கரையில் நின்று பாட்டிலில் எண் ஒட்டுவாள், சேற்றையும் என்னையும் சேர்த்துத் திட்டுவாள்.

ஆய்வக மேஜையில் மட்டும் பதினோரு பாட்டில்கள் இருக்கும். ஒன்று ஏரித் தண்ணீரே அல்ல. ஆய்வக உதவியாளர் காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீர். கருவி பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க அதையும் நடுவில் வைத்து, கரையில் அக்கா ஒட்டாமல் விட்ட ஏழாம் எண்ணைப் போடுவோம். சோதிப்பவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதால் என் நோட்டில் அந்த விவரம் இருக்காது. உதவியாளரின் பதிவேட்டில் மட்டும் தேதியோடு இருக்கும்.

"திருத்தித் தரேன்" என்று பேராசிரியர் நோட்டை வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் கழித்துக் கேட்டால், "நோட்டா? எங்கிட்டயா குடுத்தே? அடுத்த வருஷம் புதுசா செய்ம்மா" என்றார். எனக்கு இது கடைசி வருடம். துணைப்பாடம் போயிற்று, அதை நம்பி விண்ணப்பித்த மேற்படிப்பும் போயிற்று. மறுநாள் அறிவிப்புப் பலகையில் அவர் பெயரில் ஒரு கருத்தரங்கு: ஏரியின் பதினோரு இடங்கள்.

பதினோரு இடங்கள்! கொதித்த ரத்தம் அப்படியே குளிர்ந்தது. மனுஷன் ஏழாம் எண் பாட்டிலையும் ஏரியில் சேர்த்துவிட்டார்.

"துறைத்தலைவர்கிட்ட போய் சொல்லுடி" என்றாள் அக்கா.

"இப்ப சொன்னா கமுக்கமா திருத்திட்டு என்னையே பொய்க்காரி ஆக்கிடுவாரு. மேடை ஏறட்டும்க்கா."

"அதுவரைக்கும் உன் வாய் சும்மா இருக்குமா?"

இருந்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், அந்த ஒரு ஆள் போதும்.

கருத்தரங்குக்கு முதல் நாள் பேராசிரியர் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, பட்டும் படாமலும் கேட்டார்: "ஏரியில எங்கயாவது ரொம்ப சுத்தமான தண்ணி பாத்தியாம்மா?"

"ஒரு பாட்டில் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு சார்."

மலர்ந்த முகத்தோடு போனார். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் முன்வரிசை முழுக்கக் குடிநீர் வாரியப் பொறியாளர்கள். திரையில் ஏரி வரைபடம், அதில் பதினோரு சிவப்புப் புள்ளிகள். "ஏழாவது இடத்துல அடியில ஊத்து இருக்கு. நானே படகுல போய் என் கையால எடுத்தேன். குடிநீருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது." கைதட்டல் அடங்கட்டும் என்று காத்திருந்து எழுந்தேன்.

"ஏழாவது இடத்துக்கு எத்தனை தடவை போனீங்க சார்?"

"இருபத்திநாலு தடவைம்மா."

"இருபத்திநாலு தடவையும் இந்தக் கட்டடத்து மாடிக்குத்தான் போயிருக்கீங்க. ஏழு நம்ம ஆய்வகத்துல வடிச்ச தண்ணி. ஏரியில அப்படி ஒரு இடமே இல்ல."

துறைத்தலைவர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். உதவியாளர் நிதானமான மனிதர். ஒவ்வொரு தேதியையும், ஒவ்வொரு தடவையும் "ஏழு, வடித்த தண்ணீர்" என்பதையும், கீழே இருந்த என் கையெழுத்தையும் விடாமல் வாசித்தார். நாலாவது தேதியில் ஒரு பொறியாளர் சிரித்தார். பத்தாவதில் வரிசையே சிரித்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நான் ஒவ்வொன்றையும் ருசித்துக் கேட்டேன்.

என் நோட்டு சாயங்காலத்துக்குள் தன் மேஜைக்கு வர வேண்டும் என்றார் துறைத்தலைவர். அந்த இடத்திலேயே நான் துணைப்பாடத்தில் தேறினேன்.

வாசலில் பேராசிரியர் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. "நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. இருபது வருஷமா சேத்த பேரு."

"சொல்லியிருக்கலாம் சார்" என்றேன். "சொன்னா திருத்தியிருப்பீங்களே."

வெளியே அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஸ்கூட்டரில் சாவியைப் போட்டாள்.

"பாவமா இல்லையாடி?"

"இல்லக்கா."

"எனக்கும் இல்ல" என்று வண்டியைக் கிளப்பினாள். "ஏறு."