கொஞ்சம் ஆடவேண்டிய ஸ்லிப் ரிங்

பட்டறைக்காரருக்கு 'இறுக்கி' என்று பெயர் வைத்தவர் அவருடைய மச்சான். பெயர் ஒட்டிக்கொண்டதற்குப் பட்டறைக்காரரும் நிறையப் பாடுபட்டிருந்தார். எந்தத் திருகைக் கண்டாலும் இன்னொரு அரைச் சுற்று வைக்காமல் நகரமாட்டார். வைத்ததைப் பற்றி நாலு வார்த்தை பேசாமலும் நகரமாட்டார். "மெஷின்ங்கிறது ஒரு ஒழுக்கம்" என்று அவர் ஆரம்பித்தால், கேட்பவர்கள் சாய்ந்துகொள்ளத் தூண் தேடுவார்கள்.

பட்டறையில் வயரிங் முழுக்க அவர் மனைவி. லேத் அவளுடைய அண்ணன், அதே மச்சான் கையில். இப்போது மூவரும் ஒரு சோப்புக் கம்பெனிக்காக உறை ஒட்டும் மெஷின் செய்துகொண்டிருந்தார்கள். மெஷினின் தலை ஓயாமல் சுற்றும். தலைக்குள் ஹீட்டர், பக்கத்திலேயே சூட்டை அளக்கும் சென்சார். அசையாமல் நிற்கும் வயரிலிருந்து சுற்றும் வயருக்கு மின்சாரம் போய்ச் சேர நடுவில் ஸ்லிப் ரிங் வேண்டும். இதுவரை போட்டதெல்லாம் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே இருக்கும் வகை. கரித்தூள் கொட்டும். சூட்டு எண் நிலையில்லாமல் குதிக்கும். ஒரு உறை ஒட்டாது, அடுத்தது கருகும்.

"பிரஷ் இல்லாத ஸ்லிப் ரிங் போடலாம்" என்றாள் மனைவி. "உள்ள பாதரசம் இருக்கும். உரசலே கிடையாது. ஹீட்டருக்கு ரெண்டு வயர், சென்சாருக்கு ரெண்டு. நாலு வழி உள்ளதா வாங்கினா போதும். சோப்புங்கிறதால போடலாம், தின்கிற பொருளா இருந்தா நானே வேண்டாம்பேன்."

"பாதரசம்கிறது என்னன்னா..." என்று தொண்டையைக் கனைத்தார் இறுக்கி.

"மாப்ளே, அது என்னன்னு அவளுக்குத் தெரியும்" என்றார் மச்சான் லேத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. இந்த மெஷின் சோதனையில் தேறினால், இனி மின்சார வேலையில் அவள் வைத்ததுதான் சட்டம். அவர் விரல் நீட்டக்கூடாது. தேறாவிட்டால் பழையபடி பிரஷ், பழையபடி அவர். கல்யாணத்தின்போதுகூட அவள் இத்தனை நிபந்தனை போட்டதில்லை என்று மச்சான் சொன்னார். "அப்ப விவரம் பத்தல, அண்ணா" என்றாள் அவள்.

ஸ்லிப் ரிங் எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை. அவள் அதை நிமிர்த்தி நேராக வைத்து, சுற்றும் முனையைக் கையாலேயே தண்டுக்குள் அழுத்திப் பொருத்தினாள். மேல் உடல் கூடவே சுற்றிவிடாதபடி ஒரு சின்னத் தகட்டு நாக்கை அதற்கென்று வெட்டிய பள்ளத்துக்குள் தளர்வாக விட்டாள். ஓட்டிப் பார்த்தபோது உடல் லேசாக அசைந்தது.

"ஆடுதே!"

"ஆடணும். எந்தத் தண்டும் மயிரிழை கோணாம சுத்தாது. ரெண்டு பக்கமும் பூட்டினா அந்தக் கோணல் அத்தனையும் உள்ள இருக்கிற குட்டி பேரிங் தலையிலதான் விழும். தொடாதீங்க."

"நான் ஏம்மா தொடப்போறேன்?" என்றார். அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் சோதனை. அவள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். மச்சான் வெளியே இரும்பு இறக்கிக்கொண்டிருந்தார். இறுக்கி மூடியைத் திறந்து பார்த்தார். தன் பட்டறைப் பெயர் பொறித்த மெஷினில் ஒரு பாகம் ஆடுவதா? சோதனை பார்க்கக் கம்பெனியிலிருந்து வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அது பல் ஆடும் வாயோடு பெண் பார்க்கப் போவதுபோல அவருக்குப் பட்டது. அழகான ஒரு பட்டையை வெட்டி, ஓரம் தேய்த்து, உடலைச் சுற்றி மெஷின் சட்டத்தோடு பூட்டினார். அரைச் சுற்று. இன்னும் ஒரு அரை. ஆட்டம் நின்றது. மூடியை மாட்டிவிட்டுக் கை கழுவினார்.

சோப்புக் கம்பெனியிலிருந்து வந்த மேற்பார்வையாளர் அதிகம் பேசாத அம்மா. இறுக்கி ஒழுக்கத்தில் தொடங்கி உலகத் தரம்வரை போய் வந்ததை, சூட்டு எண் காட்டும் பலகையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். மெஷின் ஓடியது. எண் அசையவில்லை. உறைகள் வரிசையாக ஒட்டி விழுந்தன. மனைவியின் முகத்தில் மெல்லச் சிரிப்பு ஏறியது.

அப்போது மூடிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். பிறகு விடாமல். எண் ஏறி இறங்கத் தொடங்கியது.

மனைவி பாய்ந்து மெஷினை நிறுத்தினாள். "யாரும் கிட்ட வராதீங்க. சீல் போயிருந்தா பாதரசம் வெளிய வந்திருக்கும்." அவள் மூடியிடம் குனிந்தாள். "நேத்து நல்லா இருந்துச்சே..."

"புது வகை வேணாமே" என்றார் அந்த அம்மா. "பழைய பிரஷ்ஷே போட்டுக் குடுங்க. எங்களுக்குப் பழக்கம்தான்."

மூடி இன்னும் மூடித்தான் இருந்தது. இறுக்கி வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் ஒப்பந்தத்தில் அவர் ஜெயித்திருப்பார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குப் பேச்சு வராத நேரமும் அதுதான், வசதியாகத்தான் இருந்தது. அவர் மனைவியின் கையைப் பார்த்தார். மூடியின் திருகில் வைத்த கை திருப்ப முடியாமல் நின்றது.

"நான்தான்" என்றார். "ஆடுச்சுன்னு பட்டை போட்டு இறுக்கிட்டேன். அவ தொடாதேன்னு சொன்னா. அவ மாட்டினதுல ஒரு குறையும் இல்ல."

முன்னுரை இல்லை, உலகத் தரம் இல்லை. மச்சான் லேத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மனைவி மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உன்னிப்பாகப் பார்த்தாள். கசிவு இல்லை. கையுறை போட்டு ஸ்லிப் ரிங்கை உருவி, ஒரு டப்பாவில் வைத்து மூடினாள். பிறகு அலமாரியிலிருந்து பிரிக்காத இன்னொரு பெட்டியை எடுத்தாள்.

"ரெண்டா வாங்கினே?"

"ஒண்ணு மெஷினுக்கு. ஒண்ணு உங்களுக்கு."

மச்சான் சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளருக்கும் உதடு பிரிந்துவிட்டது. இறுக்கிக்கு வெட்கம்தான், ஆனால் இத்தனை வருடத்தில் தன்னை இவ்வளவு துல்லியமாக யாரும் அளந்ததில்லை என்று ஒரு பெருமையும் உள்ளுக்குள் ஓடியது. பட்டையை அவரே கழற்றிக் குப்பையில் போட்டார்.

இரண்டாவது ஸ்லிப் ரிங் தன் பாட்டுக்கு லேசாக ஆடிக்கொண்டே சுற்றியது. மேற்பார்வையாளர் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். எண் ஆணி அடித்தாற்போல நின்றது.

"மெஷினை அனுப்பிடுங்க" என்று எழுந்தார். "இனி கரண்ட் சம்பந்தமா ஏதும்னா யார்கிட்ட பேசணும்?"

இறுக்கி மூச்சை இழுத்தார். மனைவியைப் பார்த்தார். இழுத்த மூச்சைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு ஓரமாக நகர்ந்தார்.

"என்கிட்ட" என்றாள் அவள். "ஏங்க, நாலு டீ சொல்லிட்டு வாங்களேன்."

போனவர் வெகுநேரம் வரவில்லை. மச்சான் தேடிக்கொண்டு போனார். டீக்கடையில் ஆறிய டீயோடு நின்று, கடைக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார் இறுக்கி: "இதை எல்லாராலயும் பொருத்திட முடியாதுங்க. எங்க வீட்டுக்காரிதான் பொருத்தினா."