தையல் கடையின் வெள்ளைப் பக்கம்

மனித நாகரிகத்தின் உச்சம், பக்கத்தில் எதையும் போடாமல் விடும் வெள்ளை இடம். நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்கான முன்னேற்பாடுகள். இதைக் கல்லூரி கேன்டீனில் பலமுறை நிரூபித்திருக்கிறேன். மறுத்துப் பேச மேசையில் ஒருவரும் மிஞ்சியதில்லை.

அந்த உச்சத்தை அக்காவின் தையல் கடைக்கு இலவசமாகவே கொடுத்தேன். ஆபீஸ் வேலையை உதறிவிட்டு அவள் தொடங்கிய கடை. அதன் பழைய இணையதளத்தில் போன் நம்பர் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மூலைக்கு மூலை சட்டைகள். நடுவில் கழுத்தில் அளவு நாடாவோடு அக்கா, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனவள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் துடைத்தெறிந்தேன். வெளிநாட்டுத் தையல் கடை ஒன்றின் பக்கத்தைப் பார்த்து, அதேபோல ஒரே ஒரு சட்டை, சுற்றிலும் வெள்ளை, அடியில் சாம்பல் நிறத்தில் ‘வாங்கு’ என்றொரு பட்டன். அவ்வளவுதான்.

அதன்பிறகு ஆர்டர் வரவில்லை. வழியில் பார்த்தவர்கள்தான், “கடையைக் காலி பண்ணிட்டியாம்மா?” என்று அக்காவிடம் துக்கம் விசாரித்தார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வெளிநாட்டுக்காரன் சட்டையைப் பார்க்கிறான், பட்டனை அமுக்குகிறான், தன் வேலையைப் பார்க்கப் போகிறான். நம் ஆட்களுக்கோ தைப்பவளின் முகம் வேண்டும், குரல் வேண்டும், “எப்பக்கா கிடைக்கும்?” என்று நாலு தரம் நச்சரிக்க நம்பர் வேண்டும். வாங்குவது சட்டையா, சம்பந்தமா?

“பழைய போட்டோவையே போடுடா,” என்றாள் அக்கா, மிஷினை நிறுத்தாமல். “இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா திரும்ப அந்த ஆபீஸ்லதான் போய் உட்காரணும்.”

“மூஞ்சியப் பாத்தா துணி தைக்கக் குடுப்பாங்க? அங்கெல்லாம் யாரும் இப்படிக் கேக்கறதே இல்லக்கா. நம்மாளுங்கதான் திருந்தவே மாட்டாங்க.”

மிஷின் நின்றது.

“சரிங்க பேராசிரியரே. அந்த வெளிநாட்டுக் கடையிலயே ஒரு சட்டை வாங்கேன். உன் காசுல. அமுக்கிட்டு உன் வேலையப் பாக்கப் போ.”

“இப்பவே வாங்கிக் காட்டறேன்.”

ஆவேசமாகப் பக்கத்தைத் திறந்தேன். அளவைக் குறித்தேன், கார்டு எண்ணை அடித்தேன். கடைசியாக அந்தச் சாம்பல் பட்டன். விரல் அதன்மேல் போய் நின்றுவிட்டது. சட்டை தோள்பட்டையில் பிடித்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஓர் எண்ணம். சும்மா, ஆராய்ச்சி நோக்கில்.

அக்கா ஊசியில் நூல் கோக்கக் குனிந்தாள். நான் லேப்டாப்பைச் சற்றே சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பக்கத்தைக் கீழே தள்ளினேன். வெள்ளை. இன்னும் கீழே. வெள்ளை. எங்காவது ஓர் ஓரத்தில், பொடி எழுத்திலாவது, ஒரு போன் நம்பர் போட்டிருப்பார்கள்.