நகப்பூச்சு விளக்கில் வெந்த மோதிரம்

பிசினில் முப்பரிமாணமாக அச்சடித்த மாதிரி மோதிரத்தை வெளிச்சத்தில் சரியாக இறுக்காமல் வார்ப்புக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று வெள்ளி வேலைக்குப் பேர்போன மெக்சிகோ மலையூர் டாஸ்கோவில் யாரும் தட்டான் நிக்கானோரிடம் கேட்பதில்லை. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பாதிரியார் ஒருவருக்குச் செய்த மோதிரம் அப்படித்தான் நாசமாய்ப் போனது. அரைகுறையாய் இறுகிய பிசின் உலையில் சுத்தமாக எரிந்து போகாமல் சாந்து அச்சுக்குள்ளேயே பொருமிவிட்டது. அது விட்டுப்போன குழியில் ஊற்றிய வெள்ளி, கரையான் அரித்த கட்டை மாதிரி பொத்தல் பொத்தலாக வெளியே வந்தது. பாதிரியார் கோபப்படவில்லை, உனக்காகப் பிரார்த்தனை செய்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட நிக்கானோருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்தப் பழியை அவன் பாவம் வாயில்லாத, பிசினை வெளிச்சத்தில் இறுக்கும் பெட்டியின் மேல் போட்டான். பெட்டி கெட்டுவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னான். கெடவே இல்லை. துணி போர்த்தி, மேலே சாந்து மூட்டையையும் ஏற்றி மறைத்து வைத்தவன் அவனேதான். விஷயம் வேறு. சந்தின் எதிர்ப்பக்கம் எலோடியாவின் நக அலங்காரக் கடை இருந்தது. அங்கே நகப்பூச்சைக் காய வைக்கும் ஊதா விளக்கு ஒன்று இருந்தது, பிசினும் அந்த வெளிச்சத்தில் இறுகிவிடும். பெட்டி கெட்டுப்போனால்தானே தினமும் அங்கே போக முடியும்?

நாற்பது வயது ஆள் செய்கிற காரியமா இது என்று கேட்கலாம். கணினியில் வடிவம் வரைந்து கொடுக்கும் பெரியப்பா மகன் காசியானோவும் அதையேதான் கேட்டான். ஆனால் எலோடியாவின் வாய்க்குச் சந்தே பயப்படும். செங்குத்தான அந்தச் சந்தில் முனகிக்கொண்டு ஏறும் வண்டு போன்ற வெள்ளைக் கார் டாக்சிக்காரர்கள்கூட அவள் கடை வாசலில் ஹாரன் அடிக்க மாட்டார்கள். அவள் முன்னால் போனால் நிக்கானோருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மோதிரம் ஒன்று செய்து நீட்டிவிட்டால் பேச வேண்டியது பாதியாகக் குறையும் என்று அவனாகவே ஒரு கணக்குப் போட்டான். வேலை செய்யும்போது அவள் தன் மோதிரங்களைக் கழற்றிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுவைப்பாள். அதில் ஒன்றைத் தன் சுண்டுவிரலில் மாட்டி, எதுவரை இறங்குகிறது என்று பேனாவால் கோடு போட்டு அளவைத் திருடிக்கொண்டான்.

முதலில் பெரிய டாலியா பூ வைத்து அச்சடித்தார்கள். அதைத் தன் பெட்டியிலேயே ரகசியமாக இறுக்கிவிட்டு நேரே வார்ப்புக்கு அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மாதிரி கையில் வந்ததும் அவன் கால் பழக்க தோஷத்தில் சந்தைக் கடந்துவிட்டது. யாருக்கு என்று அவள் கேட்டாள். மலைக்குக் கீழே இகுவாலா ஊரில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு என்று உளறினான். இகுவாலாவில் தெருத் தெருவாகத் தங்கக் கடை இருக்க, அவள் ஏன் வெள்ளிக்கு மலையேறி இங்கே வருகிறாள் என்று எலோடியா கேட்டாள். அவள் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காலிஃபிளவர் மாதிரி இருக்கிறது என்றாள்.

ஓடிப்போய்ப் பூவைச் சின்னதாக்கச் சொன்னான். அடுத்த தடவை இதழ்கள் நாக்கைத் துருத்துகின்றன என்றாள். பூவை எடுத்துவிட்டுக் கொடி போட்டதும் சேமியா என்றாள். கொடியும் போனது, இலையும் போனது. காசியானோ கடுப்பாகிவிட்டான்.

"டேய், எத்தனை தடவைடா மோதிரத்தை மாத்துவ? நேராப் போய் வாயைத் திறந்து கேட்டுத் தொலையேன்."

கடைசியில் வெறும் வளையம்தான் மிஞ்சியது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் டோன்யா சோலே கொதிக்கவைத்த பச்சைப் போசோலே சோளக் குழம்பின் மணம் சந்தெங்கும் பரவியிருந்த நேரத்தில், அதை ஆல்கஹாலில் கழுவிப் பிசுபிசுப்பு போகாமலே எடுத்துக்கொண்டு போனான். இதையும் குறை சொன்னால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இன்று கேட்டே தீருவது என்று வாசலில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டான்.

எலோடியா வளையத்தை வாங்கி டக்கென்று தன் விரலில் மாட்டிக்கொண்டாள். இகுவாலா மகாராணி இப்படித்தான் கையை ஆட்டிக்கொண்டு திரிவாள் என்று நடித்துக் காட்டினாள். ஆட்டிய கை பழைய பழக்கத்தில் நேரே விளக்குக்குள் போனது. கை நுழைந்தால் தானாக எரிகிற விளக்கு அது.

நிக்கானோர் அப்போதாவது கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. தன் மோதிரம் அவள் விரலில் இருப்பதை முதன்முதலாகப் பார்த்துக்கொண்டு, வாயைப் பிளந்து நின்றான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவனுக்கு.

"சுடுது," என்றாள் எலோடியா. கையை உருவுவதற்குள் வளையம் தோலோடு ஒட்டி இறுகிவிட்டது.

சோப்பு போட்டார்கள், எண்ணெய் போட்டார்கள், ஆல்கஹாலை ஊற்றினார்கள். அசையவில்லை. எலோடியா பன்றிக் கொழுப்பு கேட்டுக் குரல் கொடுக்க, டோன்யா சோலே கிண்ணத்தோடு ஓடி வந்தாள். வந்தவள் கண்டது, எலோடியாவின் கையை நிக்கானோர் இரண்டு கையாலும் பிடித்திருந்ததையும் அவள் விரலில் இருந்த மோதிரத்தையும்தான். கொழுப்பை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டத்தையெல்லாம் கூப்பிட்டாள். போசோலேக் கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்தவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் மெஸ்கால் சாராயம் ஊற்றவே ஆரம்பித்துவிட்டார். காசியானோ பட்டறை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டான்.

இது தன் மோதிரம் இல்லை, இகுவாலாக்காரி ஒருத்தியுடையது என்று எலோடியா எல்லோருக்கும் விளக்கினாள். டோன்யா சோலே அந்த விரலைக் கண்ணருகே இழுத்து வைத்துப் பார்த்தாள்.

"அவளுக்குச் செஞ்சது உனக்கு எப்படிடி இவ்வளவு அளவா இருக்கு?"

எலோடியா நிக்கானோரைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் ஸ்பூனைக்கூட அசைக்கவில்லை.

"நிக்கானோர், அந்த இகுவாலாப் பொண்ணு பேர் என்ன?"

"அப்படி ஒருத்தி இல்லைங்க."

"அப்ப இத்தனை நாளா நான் யாரோட மோதிரத்தைத் திட்டிக்கிட்டிருந்தேன்?"

"உங்களோடதைத்தான்."

அவள் முகம் காது வரை சிவந்தது. சந்து முழுவதையும் மிரட்டுகிற எலோடியா தலையைக் குனிந்துகொண்டு பேசியதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். பூ அழகாகத்தான் இருந்தது என்றாள். யாரோ ஒருத்திக்காக இவன் இப்படி மெனக்கெடுகிறானே என்று பற்றிக்கொண்டு வந்தது, அதனால்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றாள். அவளுக்கு அழுகை வந்தது, அதை மறைக்கக் கூட்டத்தைத் திட்டினாள்.

"முதல்ல இதை வெட்டி எடு," என்றாள் அவனிடம். "கேக்கறதுக்கு முன்னாடியே மாட்டிக்கிட்ட மோதிரம் எனக்கு வேணாம்."

தோலுக்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய வெள்ளித் தகடு ஒன்றைப் பக்குவமாகச் செருகி, பட்டறை ரம்பத்தால் அறுத்தான். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இரண்டு துண்டாக விழுந்த பிசினை டோன்யா சோலே பத்திரமாகத் துடைத்து அவன் சட்டைப் பையில் போட்டாள்.

எலோடியா சிவந்துபோன விரலைத் தடவிக்கொண்டு காத்திருந்தாள். இனி நீட்டுவதற்கு அவன் கையில் ஒன்றும் இல்லை. வாய்தான் இருந்தது.

"எலோடியா, என்னைக் கட்டிக்கிறீங்களா?"

குரல் கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது, ஆனால் முழுசாக வந்துவிட்டது. எலோடியா வெறும் விரலை அவன் முன்னால் நீட்டினாள்.

"அளவு எடுத்துக்கோ," என்றாள். "இந்தத் தடவை நான் பாக்கறப்பவே எடு."