யார் கடித்தது என்று மிஸ் சொல்லவில்லை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் காப்பகம் ஒன்றில், இரண்டு வயதுக்காரர்களின் அறையில், ஒரே ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். முழங்கால் மோவாயில் இடிக்கும் குட்டி நாற்காலி. ஒரு குழந்தை வந்து எச்சில் ஒழுகும் மரக்கட்டையை என் மடியில் வைத்துவிட்டுப் போனது. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. அதை வைத்துக்கொண்டு கதை எழுதக் கிளம்பிய என் துணிச்சலை நீங்கள் மெச்ச வேண்டும்.

முதல் வரி: 'பிஞ்சு மலர்கள் பூத்துக் குலுங்கும் அந்த நந்தவனத்தில் இளங்கதிர்...'

அடித்துவிட்டேன். அறையில் டயப்பர் வாடைதான் இருந்தது. [மலர்கள் என்று எழுதுகிறவர்கள் டயப்பர் மாற்றியிருக்க மாட்டார்கள். நான் ஒருமுறை மாற்றினேன், முன்பக்கம் பின்பக்கமாகிவிட்டது.]

2

அந்த அறையின் ஆசிரியை எல்லோருக்கும் 'மிஸ்'. முதல் பிரதியில் அவருக்குக் குழந்தை இல்லை என்று எழுதினேன். கண்ணீர் சுலபமாகக் கிடைக்குமே. பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. இப்போது அவருக்கு இரண்டு பிள்ளைகளும் தீராத இடுப்புவலியும் இருக்கின்றன.

விஷயம் இதுதான். அறையில் ஒரு குழந்தை கடிக்கிறது. பேச்சு இன்னும் வரவில்லை, பல் வந்துவிட்டது. கையில் இருப்பதை யாராவது பிடுங்கினால் வாய் முந்திக்கொள்கிறது. கடைசியாகக் கடிபட்டது ஒரு பல் டாக்டரின் மகள். (முதலில் அப்பாவை வங்கி ஊழியராக வைத்திருந்தேன். பல் டாக்டர் ஆக்கியதும் எனக்கே சிரிப்பு வந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.)

டாக்டர் தன் மகளின் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கீழ் வரிசையில ஒரு பல் இன்னும் முளைக்கலை மிஸ். எல்லாப் பிள்ளைங்களையும் வாயைத் திறக்கச் சொல்லுங்க. எந்தப் பையன்னு இப்பவே சொல்லிடறேன்."

பையன் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். மிஸ் திருத்தவில்லை. நானும் திருத்தப்போவதில்லை.

"சொல்லிடுவீங்க சார். அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"வீட்டுல சொல்வீங்க. அவங்க இன்னொரு வீட்டுல சொல்வாங்க. அந்தப் பிள்ளை உள்ள வர்றப்ப ஒவ்வொரு அம்மாவும் தன் பிள்ளையைத் தூக்கிக்குவாங்க. ரெண்டு வயசுல அது நல்லாவே புரியும் சார்."

"அப்ப என் பொண்ணு கை?"

"அதுக்கு நான் பொறுப்பு."

"இன்னொரு தடவை நடந்தா இவளை நிறுத்திடுவேன்," என்றார் டாக்டர். அவர் போனதும் நிர்வாகி அம்மா மிஸ்ஸைக் கூப்பிட்டார். இன்னொரு கடி விழுந்தால் கடிக்கிற குழந்தைக்கு இங்கே இடமில்லை என்றார்.

3

மிஸ் ஒரு பாட்டுப் பாட, குழந்தை திருந்திவிடுவதாகத் திட்டம் போட்டிருந்தேன். நடக்கவில்லை.

உண்மையில் மிஸ் செய்தது இதுதான். நாள் முழுக்க அந்தக் குழந்தைக்குக் கையெட்டும் தூரத்தில் குந்தியிருந்தார். கடிக்கும் முன் அதன் தோள் உயரும், உதடு உள்ளே போகும். அந்த நொடியில் தன் கையைக் குறுக்கே நீட்டி, "என்னுதுன்னு சொல்லு" என்பார். மறுபடியும் சொல்வார். சில சமயம் பல் அவர் மணிக்கட்டில் இறங்கியது.

இதை எப்படிக் கதையாக்குவது? ஒரு பெண் வாரக்கணக்கில் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் நடுவில் டீ போட எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது டாக்டரின் மகள் சிவப்பு லாரியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எதிரே தோள் உயர்ந்தது. உதடு உள்ளே போனது. மிஸ் அறையின் மறுகோடியில் யாருக்கோ மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடினாலும் எட்டாது.

"என்னுது!"

அறையே அதிர்ந்தது. டாக்டரின் மகள் மிரண்டு லாரியை விட்டாள். அது அப்படியொன்றும் நாகரிகமான வார்த்தை இல்லைதான். மிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதார்.

4

முடிவுகள்.

அ) டாக்டர் மனம் மாறி மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்கிறார். (எறும்பு மொய்க்கும்.)

ஆ) மகள் தன் கையைத் தானேதான் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். (என் சாமர்த்தியத்தை நானே மெச்சி இரண்டு நாள் திரிந்தேன். வீட்டில் படித்துக் காட்டினேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டார்கள்.)

இ) சாயங்காலம். டாக்டர் தன் மகளைக் கூட்டிப்போக வருகிறார். தினமும் கேட்பதுபோலக் கேட்கிறார்.

"இன்னைக்கு?"

"யாரும் யாரையும் கடிக்கலை சார்."

"ஏன், அந்தப் பையன் வரலையா?"

"எல்லாரும் வந்திருந்தாங்க," என்றார் மிஸ்.

டாக்டர் மகளின் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு, "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்றார்.

கடித்தது யார் என்று எனக்குத் தெரியும், எழுதியதே நான்தானே. உங்கள் காதில் மட்டும் சொல்லிவிடலாம் என்று வாய் துறுதுறுக்கிறது. ஆனால் மிஸ் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே மிச்சம் உங்கள் பாடு. காப்பகம் விட்டாயிற்று. குழந்தைகள் ஒவ்வொன்றாகச் செருப்பு மாட்டிக்கொண்டு உங்களைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும். எதன் வாயையும் உற்றுப் பார்க்காதீர்கள். அவற்றில் ஒன்று உங்களைப் பார்த்துச் சிரிக்கும். நீங்களும் சிரித்துவிட்டு வழிவிடுங்கள்.