பெறுபவர் செலுத்த வேண்டியது

நபீஸாவின் பெண்குழந்தையைக் காலில் கிடத்தி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அக்கம்மாளுக்கு அந்தச் சேதி தெரிந்தது. நபீஸாவின் புருஷன் ஹபீப் ரகுமான் காரைக்குடி ஸ்டேஷனில் கைவண்டி இழுப்பவன். பெண்கள் இருக்கும் இடம் என்று கூச்சப்பட்டு வாசலுக்கு வெளியே நின்றபடியே கேட்டான்.

"நர்சம்மா, பார்சல் ஆபீஸ்ல ஒங்க பேரு போட்டு ஒரு லேடீஸ் சைக்கிள் இருபத்தஞ்சு நாளாக் கெடக்குது. ஏன் எடுக்காம இருக்கீக? இன்னும் அஞ்சாறு நாள் போனா ஏலம் விட்ருவாக."

அக்கம்மாள் குழந்தையைத் துவட்டி, துணியில் சுற்றி, தாயிடம் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தாள். எங்கிருந்து வந்திருக்கிறது என்று கேட்டாள். விருதுநகர் என்றான்.

விருதுநகரில் புருஷன் மாயக்கண்ணனை விட்டு வந்து ஒரு வருஷமாகப் போகிறது. அந்த சைக்கிள் அவள் சம்பளத்தில் வாங்கியது. பெண்பிள்ளை பெடல் மிதிப்பதைத் தெருவே பார்க்கிறது என்று அவன் அதைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியோடு பூட்டிவைத்தான். ஒருநாள் பிரசவத்துக்குப் போக அவசரமாகப் பூட்டை உடைத்து எடுத்தாள். திரும்பி வந்ததும் அடித்தான். மறுவாரமே ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். மாற்றல் வாங்கி அரியக்குடிப் பக்கம் ஒரு பிரசவ நிலையத்தில் சேர்ந்து, காரைக்குடியில் அரிசிக் கடை வைத்திருக்கும் அண்ணன் தங்கச்சாமி வீட்டில் இருந்துகொண்டாள். பாத்திரம் பண்டம் எதுவும் வேண்டாம், சைக்கிளை மட்டும் அனுப்பிவை என்று மூன்று கடிதம் போட்டாள். பதில் இல்லை. சரி, போனது போனதுதான் என்று நடக்கப் பழகிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனபோது தங்கச்சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சைக்கிளை எடுக்கும் ரயில்வே ரசீது வந்ததா என்று கேட்டாள். அவர் மோரை ஊற்றிப் பிசைந்து, கடைசிக் கவளம்வரை உண்டு, கை கழுவி வந்து, பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து ஒரு ரிஜிஸ்தர் கவரை எடுத்து நீட்டினார்.

"நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன். அது வந்துட்டா நீ அங்குட்டுத் திரும்பிப் போகவே மாட்ட. மாப்பிள்ளைக்கு இப்பத்தான் மனசு எறங்கியிருக்கு."

மனசு இறங்கியவன் ரயில் கூலியைக் கட்டாமல் அனுப்பியிருந்தான். பெறுபவர் செலுத்த வேண்டியது என்று ரசீதில் முத்திரை விழுந்திருந்தது. அவள் பார்த்தது அதை அல்ல. கவரின் மேல் காரைக்குடி தபால் முத்திரையிலிருந்த தேதியை. மார்ச் ஐந்து.

மார்ச் பதினெட்டாம் தேதி காலையில் மருது என்பவன் ஓடிவந்து அவளைக் கூப்பிட்டான். அவன் பெண்டாட்டி கருப்பிக்குத் தலைப்பிரசவம். தெற்கே நாலு மைல். பஸ் போய்விட்டது. பையைத் தூக்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக, செருப்பு அறுந்து அதையும் கையில் பிடித்துக்கொண்டு போனாள். குழந்தை கால் முன்னால் வந்து தலை மாட்டிக்கொண்டிருந்தது. எடுத்தபோது நீலம் பாரித்திருந்தது. வாயோடு வாய் வைத்து அரைமணி நேரம் ஊதினாள். மூச்சு வரவில்லை. ஆண்பிள்ளை. ஒரு கால்மணி முந்தி வந்திருந்தால் என்ற நினைப்பு அன்றிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்தது. பழியை வெயிலின்மேல் போட்டாள், பஸ்ஸின்மேல் போட்டாள், அந்தச் சிசுவின் தலையெழுத்தின்மேல் போட்டாள். இப்போது கையில் ஒரு தேதி இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"பதினெட்டாம் தேதி நான் நாலு மைலு நடந்து போனேண்ணே."

"அதுக்கு இப்ப என்ன?" என்றார் தங்கச்சாமி.

அவள் விளக்கவில்லை. விளக்கினால் அவர் வருத்தப்படுவார். ஐயோ, தெரியாமல் செய்துவிட்டேனே என்று தலையில் கைவைத்து உட்காருவார். அப்படி வருத்தப்பட்டு ஆறிக்கொள்ளும் சௌகரியத்தை அவருக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

பார்சல் ஆபீஸ் குமாஸ்தா நிதானமானவர். கூலி ஏழு ரூபாய் சொச்சம், இலவசமான முதல் மூன்று நாள் போக இருபத்திரண்டு நாள் கிடங்கு வாடகை இருபத்திரண்டு ரூபாய் என்று எழுதிக்காட்டினார். அரைமாசம் அரிசி வாங்கும் காசு. பெரிய ஆபீசருக்கு எழுதிப்போட்டால் வாடகையில் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும், தாமதத்துக்கு என்ன காரணம் என்று ஒரு வரி எழுத வேண்டும் என்றார். அவள் பேனாவை வாங்கக்கூட இல்லை. பின்னாலேயே வந்திருந்த தங்கச்சாமி மடியிலிருந்து நோட்டுகளை எடுத்தார்.

"ஒங்க காசு வேணாம்" என்றாள் அவர் பக்கம் திரும்பாமல். குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். அவள் வேகமாக எண்ணி வைத்த நோட்டுகள் ஒருமுறை கீழே விழுந்தன. தங்கச்சாமி குனியப்போனார். அவள் பார்த்த பார்வையில் அப்படியே நிமிர்ந்துவிட்டார்.

சைக்கிளைச் சாக்குச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். இரண்டு டயரிலும் காற்றில்லை. டைனமோ இருந்த இடத்தில் வெட்டிய ஒயர் மட்டும் தொங்கியது. மாயக்கண்ணன் கத்தியால் அறுத்திருக்கிறான். ஒரு வருஷம் கழித்தும் அந்த மனிதனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை என்று நினைத்தாள். தன்னுடையது இன்றுதான் ஆரம்பம் என்றும் தோன்றியது. ஹபீப் ரகுமான் எங்கிருந்தோ பம்ப் கொண்டுவந்து காற்றடித்துக் கொடுத்தான். சாக்கை அவசரமாகக் கிழித்தெறிந்துவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். அவள் தெற்கே போகிற ரோட்டில் திருப்பினாள்.

பிரசவித்தவளைப் பத்தாம் நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. பிள்ளை இல்லாத வீட்டுக்குப் போகக் கால் வராமல் ஒருநாள் தள்ளிப்போட்டிருந்தாள். நாலு மைலை முழு மூச்சில் மிதித்தாள். மிதிக்க மிதிக்க, இவ்வளவுதானா தூரம் என்று ஆத்திரம் கூடியது.

கருப்பி வேப்பமரத்தடியில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். பால் கட்டாமல் இருக்க மார்பைத் துணியால் இறுக்கியிருந்தாள். அந்தத் துணி நனைந்திருந்தது. சைக்கிளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு சைக்கிளு இருக்கா நர்சம்மா? அன்னைக்கி நடந்துல்ல வந்தீக."

இன்றைக்குத்தான் வாங்கினேன் என்று சொல்லலாம். இரவல் என்று சொல்லலாம். வழியெல்லாம் இரண்டையும் யோசித்திருந்தாள்.

"அன்னைக்கி இது ஸ்டேஷன்ல கெடந்துச்சு. எடுக்குற சீட்டு வீட்டுக்கு வந்து அப்பவே பதிமூணு நாளாயிருந்துச்சு. எங்கண்ணன் எடுத்து ஒளிச்சு வச்சிருந்தாரு. எனக்குத் தெரியாது."

உண்மைதான். ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தை அவள் காதுக்கே சாக்குப்போக்காகக் கேட்டது. கருப்பி ஏசுவாள், மண்ணை வாரி எறிவாள் என்று எதிர்பார்த்தாள். எறிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

கருப்பி புளி தட்டிய கல்லைக் கீழே வைத்தாள். எழுந்து, ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். கைப்பிடியில் சாக்கைக் கட்டியிருந்த சணல் கயிறு இன்னும் இறுகக் கிடந்தது. அந்த முடிச்சில் நகத்தை நுழைத்துப் பிரிக்க ஆரம்பித்தாள். அக்கம்மாள் பிடியை விடாமல் நின்றாள். இருவர் கையும் உரசின. புளியின் பிசுபிசுப்போடு பிரி பிரியாகச் சணல் கழன்று, கருப்பியின் காலடியில் விழுந்துகொண்டிருந்தது.