சூளையில் சுருங்கிய துப்பாக்கி

என் வீட்டுக்காரர் இஞ்ஞாசிக்கு நேராக நடக்க வராமல் போனது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள். அதுவரைக்கும் பேங்குக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். இடது தோளில் எப்போதும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும். அதைத் தாங்கித் தாங்கி உடம்பு வலது பக்கம் சாய்ந்தே பழகிவிட்டது. துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வெறும் தோளோடு கடைத்தெருவுக்குக் கிளம்பியவர், அலைன்மென்ட் போன ஆட்டோ மாதிரி வலது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போய் பாலக்கரையில் நட்டநடு ரோட்டில் நின்றார். பஸ் டிரைவர் திட்டிய திட்டைப் பின்னால் வந்த நான்தான் வாங்கிக்கொண்டேன்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு நேர்ச்சை ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் வேலையில் சேர்ந்த அன்றைக்கே வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டியிருந்தேன். அந்தத் துப்பாக்கி ஒருதடவைகூட வெடிக்காமல் இந்த மனுசனை வீடு கொண்டுவந்து சேர்த்துவிடு தாயே, ரெண்டு பேரும் சேர்ந்து நடந்தே வருகிறோம் என்று. மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். இவரோ லாரி போகிற பக்கமே சாய்கிறார்.

எங்கள் கோயிலிலிருந்து வருசா வருசம் நடைப்பயணம் கூட்டிப்போகும் ஜோ வீட்டுக்கே வந்துவிட்டான்.

“கோச்சிக்காதீங்க சித்தி. சித்தப்பாவ வேன்ல வரச் சொல்லுங்க. ரோட்டுல இவரு நடந்தா என்னால பொறுப்பேத்துக்க முடியாது.”

“வேன்ல போறதுக்குப் பேரு நேர்ச்சையாடா?” என்று கத்தினேன். அவன் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

டாக்டர் காதைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். இவர் குடையைத் தோளில் மாட்டிப் பார்த்தார். கடப்பாறையைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்து வீட்டு அமுதவள்ளி, “கெணறு வெட்டப் போறீங்களாண்ணா?” என்று கேட்டதும் அதையும் போட்டுவிட்டார்.

“எதுவும் அது மாரி உக்கார மாட்டங்குது ரோசி. அது இல்லாம நடந்தா நான் பாதி ஆளு தான் போற மாரி இருக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருசமாகக் கூடவே இருக்கிற பெண்டாட்டி எந்தக் கணக்கிலும் வரவில்லை போலிருக்கிறது.

நான் பீங்கான் பொம்மைப் பட்டறையில் அச்சு வார்க்கிறவள். யானை, கிளி, குழந்தை இயேசு, பிள்ளையார் எல்லாமே என் கையில் பிறந்து வெளியூர் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய பேப்பரை நீளமாகச் சுருட்டி, அதன்மேல் மண்ணை அப்பி, ஒரு துப்பாக்கி செய்தேன். இவர் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அளவு சொன்னார். கட்டை இவ்வளவு அகலம், குழல் இவ்வளவு நீளம் என்று காற்றில் தடவித் தடவிக் காட்டினார். அவர் முகம் தூங்குகிற பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில், தினம் செய்கிற தொழிலையே மறந்தேன். சூளையில் வெந்தால் மண் சுருங்கும். அதற்கென்று கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். நான் அவர் காட்டிய அளவுக்கே செய்துவிட்டேன்.

சூளை பார்க்கிற பாவாடை காலையில் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். “யக்கா, ஒங்க துப்பாக்கி நோஞ்சானா வந்திருக்குது.”

வெள்ளை வெளேரென்று, ஒரு சாண் குட்டையாக, உள்ளே கூடாக இருந்தது. யாரும் நிசத் துப்பாக்கி என்று பயந்துவிடக் கூடாது என்பதால் நான் வண்ணம் பூசவில்லை. இவர் வார் கட்டி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. மனுசன் கோடு போட்ட மாதிரி நேராக நடந்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுவாரமே பஸ் கம்பியில் இடித்து உடைத்துக்கொண்டு வந்தார். திட்டிக்கொண்டே துண்டுகளை ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, களிமண் பாலை ஊற்றி வார்த்தேன். ஏற்கனவே சுருங்கியதிலிருந்து எடுத்த அச்சு. வெந்ததும் இன்னும் சுருங்கியது. கை நீளம்தான் இருந்தது. அதை மாட்டிக்கொண்டும் நேராகவே நடந்தார்.

அன்று ராத்திரி எனக்குக் கனவு. ஒரு துப்பாக்கி நனைந்த சோப்பைப்போலக் கரைந்து கரைந்து அரிசி அளவு ஆகிறது. அதை ஒரு எறும்பு தூக்கிக்கொண்டு நேராகப் போகிறது. விழித்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

அந்த இரண்டாவதிலிருந்து அச்சு எடுத்து மூன்றாவதை வார்த்தேன். வெந்து வந்ததும் இரண்டாவதை நானே அம்மிக்குழவியால் ஒரு போடு போட்டேன்.

“பூனை தள்ளிடுச்சிங்க.”

“நம்ம வூட்டுல ஏது பூனை?”

“வந்த பூனைங்க.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். குட்டையானதை வாங்கி மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் பூனை அடிக்கடி வந்தது. துப்பாக்கி முழங்கை நீளம் ஆனது, கரண்டி ஆனது, பேனா ஆனது. வாருக்குப் பதில் நூல் வந்தது. ஆவணி பிறந்தபோது சுண்டுவிரல் அளவில் ஒன்று சூளையிலிருந்து வந்தது. அதைச் சட்டையின் இடதுபக்கப் பையில் போட்டுக்கொண்டு ஜோவின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே போய்வந்து காட்டினார். ஜோ தலையைச் சொறிந்துகொண்டே சரி என்றான்.

காவித் துணி கட்டி, முதுகில் ஆளுக்கொரு பையோடு, வெறுங்காலால் கிளம்பினோம். எதற்கும் இருக்கட்டும் என்று நான் அவருக்கு வலது பக்கமாக, லாரி போகிற பக்கமாகவே நடந்தேன். அவர் அடிக்கடி சட்டைப்பையைத் தட்டிக்கொண்டார். விடியற்காலை அரையிருட்டில் வயலும் வாய்க்காலும் மிதந்தன. ஜெபமாலை சொல்லும் குரல்கள் முன்னால் எங்கோ போய்க்கொண்டிருந்தன. நடக்கிறோமா, யாராவது நம்மை மெல்ல இழுத்துக்கொண்டு போகிறார்களா என்றே தெரியவில்லை. கால் கொப்புளித்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது.

வேளாங்கண்ணியில் கோபுரம் தெரிந்ததும் அழுதுவிட்டேன். காணிக்கை போடும் இடத்தில் கையை நீட்டினேன்.

“துப்பாக்கிய எடுங்க. மாதா காலடியில வெச்சிடலாம்.”

இவர் பையைத் தட்டினார். வெளியே இழுத்துக் காட்டினார். காலியாக இருந்தது.

“எங்கங்க?”

“சேத்தியாத்தோப்புல வெள்ளாத்துப் பாலத்துல போட்டுட்டன்.”

“மொத நாளேவா? ஏன்?”

“கனமா இருந்துச்சி ரோசி.”

“அப்ப இவ்ளோ தூரம் எப்பிடி நேரா வந்தீங்க?”

“நீ தான் வலது பக்கத்துலயே வந்தியே. சாஞ்சா ஒன்மேல தான சாயணும். நீயும் தள்ளிவுடாம தாங்கிக்கினு தான வந்த.”

அவ்வளவு கூட்டத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாதாவுக்கு வைக்க எங்களிடம் ஒன்றுமில்லை. வெறுங்கையைக் குவித்துக் கும்பிட்டோம்.

ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. அவர் இப்போது எங்கு போனாலும் நேராகப் போய்வருகிறார். நான்தான் தனியாகப் பட்டறைக்கு நடந்தால் இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறேன். நேற்றிலிருந்து அவரைக் கூட வரச் சொல்லியிருக்கிறேன்.