மினகாவாவின் மேலங்கி

...அந்த மேலங்கியை இப்போது ஏன் எடுக்கிறாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தவள் மூன்று மணித்தியாலமாக அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இப்போது தன் காயை நகர்த்திய கையோடு இழுத்தெடுத்துக் கிமோனோவுக்கு மேலே போட்டு, கழுத்துப் பட்டியை நேராக்கி, தேநீர்க் கிண்ணத்தையும் எடுத்து ஒரு மிடறு... துர்க்கா பலகையிலிருந்து கண்ணை எடுத்து எதிரே இருந்தவளைப் பார்த்தாள். ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. தோற்கப்போகிறவர்தான் கடைசியில் உடுப்பைச் சரிசெய்வார், தொண்டையை நனைப்பார், ஏனென்றால் தோற்றவர் குனிந்து, தன் வாயால் "தோற்றுவிட்டேன்" என்று சொன்னால்தான் ஆட்டம் முடியும், அதைக் கம்மிப்போன குரலில் சொல்வது மரியாதையில்லை. அதற்குமுன் இன்னொரு மரியாதையும் உண்டு. முடிவு தெரிந்தவர் கடைசியாக ஒரு பயங்கரமான தாக்குதல் நகர்வைச் செய்வார், நானும் உன்னை ஒரு நகர்வு தூரத்தில் வைத்திருந்தேன் என்று பலகை பார்க்கிறவர்களுக்குச் சொல்லட்டும் என்று, செய்துவிட்டுத் தன் கழுத்தை நீட்டிக் கொடுப்பார். மினகாவா இப்போது செய்தது அச்சொட்டாக அதுதான், தேரைக் கொண்டுவந்து துர்க்காவின் ராஜாவுக்குப் பக்கத்தில் குத்தி நிறுத்திவிட்டு மேலங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்படியென்றால் அவள் தோற்றுவிட்டாள். அப்படியென்றால் அவளுடைய ராஜாவைப் பிடிக்க வழி ஒன்று இருக்கிறது, அதை அவள் கண்டுவிட்டாள். எங்கே இருக்கிறது அந்த வழி? பிடிக்க வேண்டியவளுக்கு அல்லவா அது தெரியவில்லை.

"முப்பது விநாடி," என்றாள் நேரம் வாசிக்கும் பெண், டோக்கியோவிலிருந்து பலகையோடும் பாய்களோடும் வந்தவள், அவள் குரலில் ஈவிரக்கம் கிடையாது. கொடுத்த மூன்று மணித்தியாலத்தையும் துர்க்கா தின்று தீர்த்து அரை மணி ஆகிறது, மினகாவாவுடையதும் முடிந்துவிட்டது, இனி ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நிமிடம், அறுபதாவது விநாடியைத் தொட்டால் அதுவே தோல்வி. மூன்று ஆட்டம் வென்றவருக்கு வெண்கொக்குப் பட்டம். முதல் இரண்டையும் ஜப்பானில் தோற்றாயிற்று, மூன்றாவதை, சவால் விட்ட பெண்ணின் ஊர் என்பதால், ரொறன்ரோவில் வைத்திருக்கிறார்கள், ஏரிக்கரை ஹோட்டலின் இருபத்திரண்டாம் மாடியில், ஊர்ப்பெண் தோற்பதை ஊரே கூடியிருந்து பார்க்கட்டும் என்பதுபோல... சீ, அப்படி நினைக்காதே, பலகையைப் பார். இன்று தோற்றால் எல்லாம் முடிந்தது, இந்த இடத்துக்கு வர ஒன்பது வருடம் எடுத்தது, இன்னொரு தரம் வருவோமா என்பதை யார் கண்டார்கள். தங்கக் காயை எடுத்துத் தன் ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்துக் காவல் பண்ணலாமா? வைத்தால் இன்னும் இருபது நகர்வு மூச்சு விடலாம், அவ்வளவுதான், மெல்ல மெல்லச் சாகலாம். காவலை விட்டுப் பாய்ந்தால்? பாய்ந்து பிடிக்க முடியாமல் போனால் அடுத்த நகர்விலேயே கதை சரி. ஆனால் மினகாவா ஏழு வருடமாகப் பட்டத்தைக் கைவிடாதவள், அவள் கண் பிழை விடாது, அவள் இல்லாத ஒன்றுக்காக மேலங்கி போடமாட்டாள். இருக்கிறது. எங்கேயோ இருக்கிறது. தேடு.

"நாற்பது." கையில் என்ன இருக்கிறது? வெள்ளி ஒன்று, தங்கம் ஒன்று, குதிரை ஒன்று, சிப்பாய் இரண்டு, எல்லாம் மினகாவாவிடம் பிடித்த காய்கள், இந்த ஆட்டத்தில் பிடித்த காயைத் திரும்ப உன் காயாக எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம். தங்கத்தை அவள் ராஜாவின் தலைக்கு நேரே இறக்கினால்... ஓடிவிடுவாள், இடப்பக்கம் வெளி கிடக்கிறது. குதிரை முதலில்? அப்போதும் அந்த வெளி. அந்த ஒரு வெளிதான், அதை அடைத்தால்... அப்பா இதே நேரம் பக்கத்து மண்டபத்தில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார், ஒரு மண்ணும் விளங்காமல், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு, லிஃப்ற் எந்த மாடியில் இறுகி நிற்கிறது என்று காதுகொடுத்துக் கேட்கிறவர்போல. முப்பது வருடம் மாடிக் கட்டடங்களின் எலிவேற்றர் திருத்துகிறார் தங்கத்துரை, ஒரு ரோச் லைற் கொண்டுபோனால் போதுமென்ற இடத்துக்கு இரண்டு கொண்டுபோகிற ஆள், புறநகர் அஜக்ஸிலிருந்து டவுன்ரவுண் வர மூன்று மணித்தியாலத்துக்கு முன்னால் வெளிக்கிடுகிற ஆள். அந்த மனுசன், பதினெட்டு வயதில் அவள் ஜப்பானுக்குப் போகப்போகிறேன் என்று நின்றபோது, அம்மா ஒரு கிழமை சாப்பிடாமல் கிடந்தபோது, ஒன்றும் பேசாமல் ரிக்கற்றை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். போக மட்டும். வர இல்லை. எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருக்கிற ஆள் அன்றைக்கு ஒன்றுதான் எடுத்தார்! அதை எத்தனை தரம் நினைத்திருப்பாள், ஜப்பானில் ஆறு பாய் மட்டும் விரிக்கக்கூடிய அந்தச் சின்ன அறையில், தொடர்ந்து பதினொரு ஆட்டம் தோற்ற அந்த மாரிகாலத்தில், பெட்டியைக் கட்டுவோமா என்று கை துருதுருத்த ஒவ்வொரு தரமும், இவள் திரும்பி வரத் தேவையில்லை என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, என்னைவிட முதலில் அவர் கண்டுவிட்டார் என்று... இப்போது அப்பா எதற்கு, பலகையைப் பாரடி.

"ஐம்பது விநாடி. ஒன்று, இரண்டு, மூன்று..." வெளியை அடைக்க வேண்டும், அடைக்கக் காய் இல்லை, இருக்கிற காய் போதாது... அவளையே கொண்டு அடைப்பித்தால்? வெள்ளியை ராஜாவின் பின்முதுகில், பலகையின் கடைசி வரிசையில், சும்மா இனாமாக இறக்கினால்? எடுக்காமல் இருக்க முடியாது, எடுத்தால் ராஜா தானே பின்சுவரோடு போய் ஒட்டிக்கொள்கிறது, பிறகு குதிரை, பிறகு சிப்பாய் இரண்டும், பிறகு உன் தேரைத் தூக்கித் தானம் பண்ணு, ஐயோ, தேரையா... ஓம், தேரைத்தான், அது போனால்தான் வெளி மூடும், கடைசியில் தலைக்கு நேரே தங்கம். பதினொரு நகர்வு, துர்க்காவுக்கு ஆறு, மினகாவாவுக்கு ஐந்து. சரியா? எண்ணிப் பார்க்க நேரமில்லை. "ஆறு, ஏழு..." இருக்கிறது என்று மினகாவா சொல்கிறாள், மேலங்கி சொல்கிறது, போதும். துர்க்கா வெள்ளியை எடுத்து ராஜாவின் முதுகில் வைத்தாள், பலகை டக் என்றது.

மினகாவா உடனே எடுக்கவில்லை. தலையை ஒருதரம் இடப்பக்கம் சரித்தாள், நேரம் ஐம்பத்தைந்தைத் தாண்டியபிறகுதான் ராஜாவை எடுத்து வெள்ளியின் மேல் வைத்தாள். எவ்வளவு மரியாதை, என்று நினைத்தாள் துர்க்கா, எனக்கு யோசிக்க நேரம் தருகிறாள், முழு நிமிடத்தையும் எனக்காகக் கரைக்கிறாள். அந்த நிமிடத்தில்தான் மிச்சத்தையும் சரிபார்த்தாள். குதிரை. சிப்பாய். இரண்டாவது சிப்பாய். தேரைக் கொடுக்கும்போது மட்டும் ஒன்பது வருடமும் அந்த ஒரு காயில் போவதுபோல இருந்தது, என்றாலும் போ என்று கொடுத்தாள், கொடுத்தபிறகு பார்த்தால் எந்தப் பக்கத்தாலும் ராஜாவுக்கு வழியில்லை. தங்கத்தைத் தலைக்கு நேரே வைத்தபோது ஜன்னலுக்கு வெளியே ஆனி மாதத்து வெயிலில் ஏரி பளபளத்துக் கிடந்தது. மினகாவா இரண்டு கையையும் பாயில் ஊன்றிக் குனிந்தாள். "தோற்றுவிட்டேன்." குரல் தெளிவாக இருந்தது, தேநீர் குடித்த குரல்.

ஆட்டம் முடிந்தால் உடனே எழும்பிப் போக முடியாது, வென்றவரும் தோற்றவரும் அதே பலகையில் காய்களைத் திரும்ப அடுக்கி, எங்கே பிழைத்தது என்று சேர்ந்து பார்க்க வேண்டும், அங்கே பொய் சொல்லக்கூடாது என்பது எழுதாத சட்டம். படம் எடுப்பவர்கள் உள்ளே வந்து சுவரோடு நின்றார்கள். மினகாவா தன் தேரைத் திரும்பக் குத்தி நிறுத்தினாள், துர்க்கா வெள்ளியை வைத்தாள், மினகாவா அந்த வெள்ளியின்மேல் விரலை வைத்தாள். "இதை எப்போது கண்டீர்கள்?" என்றாள். பொய் சொல்லலாமா, முந்தியே தெரியும் என்று சொன்னால் யார் அறியப்போகிறார்கள், நாளைக்குப் பத்திரிகையிலும் வரும்... "நீங்கள் மேலங்கியைப் போட்டபோது," என்றாள் துர்க்கா. "நீங்கள் முதலில் கண்டுவிட்டீர்கள் என்று விளங்கியது. பிறகுதான் தேடினேன்." மினகாவா நிமிர்ந்து பார்த்தாள், கையால் வாயைப் பொத்தினாள், தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று ஒரு கணம், பார்த்தால் சிரிக்கிறாள். "குளிரெடுத்தது," என்றாள். "உங்கள் ஊர் ஹோட்டல்கள் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கின்றன. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துத்தான் நிம்மதியாகப் போட்டுக்கொண்டேன். இந்த வெள்ளி வந்தபோது என்னவென்றே எனக்கு விளங்கவில்லை."

குளிரெடுத்தது. துர்க்கா அண்ணாந்து பார்த்தாள், மினகாவாவின் தலைக்கு நேர்மேலே ஏசியின் ஓட்டை, காலையிலிருந்து அது ஊதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அஜக்ஸில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது உறைக்கவே இல்லை. அப்படியென்றால் அந்த வழியை ஒருவரும் காணவில்லை. அந்த மண்டபத்தில், அந்தத் திரைக்கு முன்னால், இந்தப் பலகைக்கு அந்தப் பக்கத்தில், ஒருவரும். இருக்கிறது என்று யாருமே சொல்லாத ஒன்றை, சொல்லிவிட்டார்கள் என்று நம்பிப் போய்த் தேடி எடுத்திருக்கிறாள், ஏசி கொஞ்சம் குறைவாக ஊதியிருந்தால் தங்கத்தை வைத்துக் காவல் பண்ணியிருப்பாள், மெல்லச் செத்திருப்பாள். பயமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது, ஆனால் ஒன்று மட்டும் உறுதி, வெள்ளி அங்கேதான் இருந்தது, யார் போர்த்தினாலும் போர்த்தாவிட்டாலும் அது வெல்லும் வழிதான், திரும்பத் திரும்ப அடுக்கிப் பார்த்தார்கள், ஒரு ஓட்டையும் இல்லை. அப்போதுதான், காய்களைப் பெட்டிக்குள் போடும்போது, கூப்பிடாமலே அந்த நினைவு வந்தது, மேசையில் கிடந்த ரிக்கற், போக மட்டும்... அதுவும் ஒரு மேலங்கிதானா?

வெளியே நடைகூடத்தில் அம்மா மனோரஞ்சிதம் கட்டிப்பிடித்தாள், அவள் நெற்றியில் காலமை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் பூசிய திருநீறு இன்னும் அழியவில்லை, "வெண்டிட்டாய்தானே மகள், எனக்கு ஒண்டும் விளங்கேல்ல, எல்லாரும் கை தட்டினவங்க, நானும் தட்டினன்," என்று அழுதாள். அப்பா பின்னால் நின்றார், ஜக்கற்றைக் கழுத்துவரை சிப் போட்டு இழுத்திருந்தார். "உள்ளுக்குச் சரியான குளிர் என்ன," என்றார், "ஆர் உந்த ஏசிய உப்பிடி விட்டது." நாலாவது ஆட்டம் இரண்டு கிழமையில், ஜப்பானில், அதுவும் வெல்ல வேண்டும், அதற்குப் பிறகு ஐந்தாவதும், வெல்லலாம், இன்றைக்கு வென்ற கை வெல்லாதா... அப்பாவிடம் கேட்காதே, என்று ஒரு மனம் சொன்னது, ஒன்பது வருடம் தாங்கிய தூணை இப்போது ஏன் அசைத்துப் பார்க்கிறாய். கேள், என்றது மற்றது, தேரையே கொடுத்தவள் நீ.

"அப்பா, நான் முதல் முதல் போகேக்க நீங்க ஏன் போக மட்டும் ரிக்கற் எடுத்தனீங்க?"

தங்கத்துரை புருவத்தைச் சுருக்கினார். உண்மையாகவே யோசித்தார், அது அவர் முகத்தில் தெரிந்தது, லிஃப்றின் சத்தத்தைக் கேட்கிற அதே முகம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எந்த ரிக்கற், மகள்?" என்றார்.

அந்தத் தூண் இல்லாமலும் துர்க்காவின் கால் இரண்டும் தரையில்தான் இருந்தன, ஒன்றும் சரியவில்லை. எலிவேற்றர் வந்து கதவு திறந்தது, அப்பா வழக்கம்போல ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, ஏறுங்கோ என்று தலையசைத்தார்.